பழைய மோட்டார் யாட் வாங்கலாமா? மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் 24 ஆண்டுகளாக இருக்கிறேன். அடுத்த ஆண்டு பணி ஓய்வு. சொந்தமாக ஒரு படகு வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 1984இல் கட்டிய கிராண்ட் பேங்க்ஸ் 42 மோட்டார் யாட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 145,000 சிங்கப்பூர் வெள்ளி கேட்கிறார்கள். இரண்டு லேமன் 120 டீசல் இன்ஜின்கள், மீட்டர் 3,800 மணி நேரம் காட்டுகிறது. தேக்குத் தளத்தைப் போன ஆண்டு புதுப்பித்தார்களாம், அடிப்பகுதிக்கும் புது பெயின்ட். காப்புறுதிக்காக 2 ஆண்டுகளுக்கு முன் படகைப் பரிசோதித்து எடுத்த சர்வே அறிக்கையைத் தருவதாகத் தரகர் சொல்கிறார். அது போதாதா? கார் மெக்கானிக்காக இருக்கும் நண்பரைக் கூட்டிப்போய் இன்ஜினைக் காட்டிவிட்டால் சரியாகிவிடாதா? 40 வயதுப் படகை நம்பிக் கடலுக்குப் போவதா என்று என் மனைவி பயப்படுகிறார். (பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் மனைவியின் கேள்வி. படகின் வயதுக்காகப் பயப்பட வேண்டியதில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். கிராண்ட் பேங்க்ஸ் படகுகளைக் கட்டிய அமெரிக்கன் மரீன் நிறுவனம் ஹாங்காங்கில் தொடங்கி, பிறகு சிங்கப்பூரில் பட்டறை போட்டது. ஆரம்பத்தில் மரத்தில் கட்டினார்கள். 1973இல் ஃபைபருக்கு மாறினார்கள். நீங்கள் பார்த்திருக்கும் படகு அநேகமாக இந்த ஊரிலேயே பிறந்தது. அந்தக் காலத்தில் ஃபைபரை எவ்வளவு மெல்லியதாகப் போடலாம் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கெட்டியாக, தாராளமாகப் போட்டிருப்பார்கள். அந்த உடம்பு உங்களுக்கு அப்புறமும் இருக்கும்.

ஆனால் படகு என்பது வெறும் உடம்பு மட்டும் இல்லை. அதன்மேல் தேக்கு இருக்கிறது, உள்ளே இரும்பு டாங்கி, ரப்பர் குழாய், செம்பு வயர், பித்தளை வால்வு எல்லாம் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றையும் கெடுப்பது தண்ணீர்தான். அதனால் பழைய படகைப் பார்க்கப் போகிறவர் ஒரே ஒரு வேலையை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்: தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்திருக்கிறது, வந்து எங்கே நின்றிருக்கிறது என்று தேடுவது. நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான். நவம்பர், டிசம்பரில் இந்த ஊரில் அப்படி ஒரு நாளுக்கு அதிகம் காத்திருக்க வேண்டியிருக்காது.

மழைத்தண்ணீரை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், படகுக்குக் கடல்நீரைவிட மழைநீர்தான் பெரிய எதிரி. என் அப்பா தூத்துக்குடியில் தோணி கட்டிய ஓடாவி. கரையேற்றிய தோணிக்குள் மழைத்தண்ணீர் தேங்குவதை அவரால் ஒருநாள் பொறுக்க முடியாது. கடலில் கிடக்கும் பலகையை விட்டுவிட்டு, மேலே மழையில் நனையும் பலகையைத்தான் முதலில் தட்டிப் பார்ப்பார். உப்பு ஏறிய மரத்தில் பூஞ்சை எளிதில் வளராது, நன்னீர் ஊறிய மரம் சீக்கிரம் உளுத்துப்போகும். ஃபைபர் படகிலும் இதே கதைதான். மேல்தளத்தின் உள்ளே மரம் இருக்கிறதே!

உங்கள் படகின் மேல்தளம் மூன்று அடுக்கு. மேலே ஃபைபர், கீழே ஃபைபர், நடுவில் பால்சா என்ற லேசான மரமோ வேறு மரத்துண்டுகளோ. அதற்கும் மேலே அழகுக்காகத் தேக்குப் பலகைகளைத் திருகாணி போட்டு இறுக்கியிருப்பார்கள். அப்படி ஆயிரக்கணக்கான திருகாணிகள், ஒவ்வொன்றும் மேல் ஃபைபரில் ஒரு துளை. புதிதாக இருக்கும்போது பசை அடைத்துக்கொண்டிருக்கும். 20, 30 வருடம் வெயிலில் காய்ந்த பிறகு பலகைகளுக்கு நடுவே உள்ள கறுப்பு ரப்பர் விட்டுவிடும். தண்ணீர் திருகாணி வழியாக இறங்கி நடு மரத்தை ஊறவைக்கும். மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

“தளத்தைப் புதுப்பித்தோம்” என்பதற்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது. பழைய தேக்கைக் கழற்றி, துளைகளை அடைத்து, ஊறிய மரத்தை மாற்றி, புதுத் தேக்கை ஒட்டியிருந்தால் அது பெரிய வேலை, நல்ல வேலை. அதற்குப் பட்டறை கொடுத்த பில் இருக்கும், வேலை நடந்தபோது எடுத்த படங்கள் இருக்கும். வெறுமனே மிஷின் வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தால், படகை இன்னும் மோசமாக்கியிருக்கிறார்கள். தேய்க்கத் தேய்க்கத் தேக்கு மெலியும், திருகாணித் தலையை மூடியிருக்கும் சிறு மரமூடிகள் கழன்று விழும். எங்கேயாவது அப்படி மூடி விழுந்து பித்தளைத் தலை பளிச்சென்று தெரிந்தால் அந்தத் தளத்தின் ஆயுள் முடிந்துவிட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தளம் முழுக்க நடங்கள். எங்கே கால் லேசாக அமுங்குகிறதோ அங்கே நின்று கவனியுங்கள். படகைப் பரிசோதிக்க நீங்கள் அமர்த்தும் சர்வேயர் பிளாஸ்டிக் தலை வைத்த சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடம் ‘டக்’ என்று கூர்மையாக ஒலிக்கும். ஊறிய இடம் ‘தொப்’ என்று அமுங்கி ஒலிக்கும். பத்து நிமிடம் கூடவே நடந்தால் உங்கள் காதுக்கே வித்தியாசம் பிடிபட்டுவிடும்.

அப்புறம் கீழே இறங்குங்கள். சன்னல் ஓரங்களில் வார்னிஷுக்கு அடியில் கறுத்த கறை இருக்கிறதா, அலமாரிக்குள் கையை விட்டால் மேல்மூலை ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். சில வருடங்களுக்கு முன், இதே மாதிரி ஒரு படகைப் பார்க்கப் போனேன். மெத்தை உறை முதல் திரைச்சீலை வரை எல்லாம் புதிது. படுக்கையறை அலமாரியில் மட்டும் துணிமணிகளை நெருக்கி அடைத்து வைத்திருந்தார்கள். அனுமதி கேட்டு அவற்றை எடுத்துப் பார்த்தபோது, பின்பக்கப் பலகை விரல் பட்டதும் ஈரக் கேக் மாதிரி உதிர்ந்தது. நேர் மேலே தளத்தில் நங்கூரச் சங்கிலி இழுக்கும் மோட்டார் இருந்தது. அதன் போல்ட் துளை வழியாக எத்தனையோ மழைக்காலம் உள்ளே வந்திருக்கிறது. வாங்க வந்திருந்தவர் வயதானவர், சேமிப்பு முழுவதையும் போட இருந்தார். அன்று அவர் முகத்தைப் பார்த்த பிறகு, அலமாரியில் இருப்பதை வெளியே எடுக்காமல் எந்தப் படகையும் நான் பார்த்து முடித்ததில்லை.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று தளத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும். எரிபொருள் டாங்கிகள்தான் அவை. அந்தக் காலத்துக் கிராண்ட் பேங்க்ஸ் படகுகளில் பெரும்பாலும் சாதாரண இரும்பு டாங்கிதான். 42 அடிப் படகில் இன்ஜினுக்கு இருபக்கமும் ஒவ்வொன்று, இரண்டிலும் சேர்த்து 2,200 லிட்டருக்கு மேல் கொள்ளும். துரு டாங்கியின் அடியிலிருந்து ஏறும் என்றுதான் நாம் நினைப்போம். இந்தப் படகுகளில் அது பெரும்பாலும் மேலிருந்து இறங்கும். டீசல் ஊற்றும் வாய் தளத்தில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தேக்கில் கசிவு இருந்தால் மழைத்தண்ணீர் குழாயை ஒட்டியே வழிந்து டாங்கியின் தலையில் போய் நிற்கும். நின்ற இடத்தில் வருடக்கணக்காக அரிக்கும். கண்ணுக்கு எட்டாத இடம் என்பதால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

டார்ச்சும், நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடியும் எடுத்துப் போங்கள். கைப்பேசியில் மாட்டும், நுனியில் சிறு கேமரா உள்ள ஒயர் கடைகளில் கிடைக்கும், அது இன்னும் நல்லது. டாங்கியின் மேற்பரப்பைப் பாருங்கள். செதில் செதிலாகத் துரு, கீழே டீசல் ஈரம், பக்கத்துப் பலகையில் சிவப்புக் கறை என்று எது தெரிந்தாலும் மனத்தில் 145,000 என்ற எண்ணை அழித்துவிடுங்கள். டாங்கியை மாற்ற வேண்டும் என்றால் இன்ஜினை நகர்த்த வேண்டும், அல்லது டாங்கியை அங்கேயே துண்டு துண்டாக அறுத்தெடுத்து, அந்த இடத்தில் சிறிய டாங்கிகளை வைக்க வேண்டும். எல்லாமே பட்டறையில் வாரக்கணக்கில் நடக்கும் வேலை. டாங்கியின் அடியிலிருந்து ஒரு பாட்டில் டீசல் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடிக் குவளையில் ஊற்றி வைத்தால் தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரியும். இடையில் கறுப்புக் கோழை மாதிரி படலம் இருந்தால், தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் வளரும் நுண்ணுயிர்தான் அது. இந்த வெப்பத்தில் அது வேகமாகப் பெருகும். ஃபில்டரை அடைத்து, அலை அடிக்கும் நேரம் பார்த்து இன்ஜினை நிறுத்திவிடும்.

சரி, இன்ஜினுக்கு வருவோம். உங்கள் நண்பரைக் கூட்டிப்போவதில் தவறில்லை, டீசல் இன்ஜின் பழக்கம் இருந்தால் உதவியாகவே இருப்பார். லேமன் 120 என்பது இங்கிலாந்து ஃபோர்டு கம்பெனியின் 6 சிலிண்டர், 6.2 லிட்டர் டீசல் இன்ஜினை வாங்கி அமெரிக்காவில் கடலுக்கு ஏற்றபடி மாற்றியது. மிக எளிமையான இன்ஜின். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 10,000 மணியைத் தாண்டியும் ஓடும். ஆனால் கார் மெக்கானிக்குக் கார் இன்ஜின்தான் தெரியும். இங்கே இன்ஜினைக் குளிரவைப்பது கடல்நீர். பிரச்சினையும் அங்கேதான்.

3,800 மணி குறைவுதானே என்று சந்தோஷப்படாதீர்கள். 40 ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 100 மணிகூட இல்லை. உப்புத் தண்ணீரை உள்ளே வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நின்ற இன்ஜினைவிட, வாரந்தோறும் ஓடிய இன்ஜின்தான் எனக்குப் பிடிக்கும். மீட்டர் மாற்றப்பட்டதா என்றும் கேளுங்கள், பழைய படகில் அது சகஜம். மீட்டரைவிட நம்பக்கூடியது பராமரிப்புக் குறிப்பேடு. அதில் ஒரு விஷயத்தைத் தேடுங்கள்: இந்த இன்ஜினில் டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் சிம்ஸ் இன்ஜெக்‌ஷன் பம்புக்குத் தனியாகக் கொஞ்சம் ஆயில் உண்டு. டீசல் அதில் கசிந்து கலப்பதால் 50 மணிக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். அதைத் தவறாமல் எழுதி வைத்திருக்கும் உரிமையாளர் மற்றதையும் கவனித்திருப்பார். “அப்படி ஒன்று இருக்கிறதா?” என்று அவர் உங்களையே திருப்பிக் கேட்டால், குறிப்பேட்டின் மற்ற பக்கங்களையும் சந்தேகத்தோடு படியுங்கள்.

இன்ஜின் ஆயிலையும் கியர்பாக்ஸ் ஆயிலையும் கடல்நீர் ஓடும் சிறு கூலர்கள்தான் குளிரவைக்கின்றன. உள்ளே இருக்கும் மெல்லிய குழாய் அரித்துத் துளை விழுந்தால் ஆயில் கடலுக்குப் போகும், அல்லது உப்புநீர் ஆயிலுக்கு வரும். இரண்டில் எது நடந்தாலும் இன்ஜின் போச்சு. சில வருடத்துக்கு ஒருமுறை கேள்வி கேட்காமல் மாற்ற வேண்டிய உருப்படி இது. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் கேளுங்கள். புகையும் கடல்நீரும் கலக்கும் இடத்தில் உள்ள வளைகுழாயும் அப்படித்தான். வெளியே பெயின்ட் அடித்திருக்கும், உள்ளே அரித்து மெலிந்திருக்கும். அது ஓட்டையானால் தண்ணீர் பின்னோக்கி சிலிண்டருக்குள்ளேயே போகலாம். ஹோஸைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று தரகரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் போனதும் முதல் வேலையாக இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த லேமன் முதலில் கொஞ்சம் வெண்புகை விடும், சூடேறியதும் நின்றுவிடும், அது இயல்பு. நிற்காத வெண்புகையும் நீலப் புகையும் இயல்பல்ல. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. பிறகு கடலுக்குக் கொண்டுபோய் முழு வேகத்தில் சில நிமிடம் ஓட்ட வேண்டும். இரண்டு இன்ஜினும் நிமிடத்துக்கு 2,500 சுற்றை எட்ட வேண்டும், வெப்பமானி ஏறிக்கொண்டே போகாமல் ஓரிடத்தில் நிற்க வேண்டும். எட்டாமல் கறும்புகை கக்கினால் அடியில் சிப்பி படிந்திருக்கலாம், புரொபெல்லர் பொருந்தாமல் இருக்கலாம், இன்ஜினே களைத்திருக்கலாம். எது என்று கண்டுபிடித்த பிறகுதான் பணம். “பழைய இன்ஜின், அவ்வளவு வேகம் வேண்டாமே” என்று யாராவது தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆயில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கு ஆகும் செலவு சொற்பம். உப்பும் உலோகத் துகளும் அதில் தெரிந்துவிடும்.

அடுத்தது படகைத் தூக்கிப் பார்ப்பது. 16 டன் அளவு எடை. துவாஸில் ராஃபிள்ஸ் மரினா மாதிரி படகைத் தூக்கும் வசதி உள்ள இடத்தில்தான் முடியும், கட்டணம் உங்கள் தலையில். கொடுங்கள், யோசிக்காதீர்கள். தூக்கிய முதல் ஒரு மணி நேரத்தில் நீங்களும் சர்வேயரும் அங்கே இருக்க வேண்டும். ஃபைபருக்குள் நீர் ஊறி வரும் கொப்புளங்கள் ஈரத்தோடு பார்த்தால்தான் நன்றாகத் தெரியும், காயக் காய அமுங்கிவிடும். விற்பதற்குச் சற்று முன் அடித்த பெயின்டும் அவற்றை மறைக்கும். கொப்புளம் கண்டால் பதற வேண்டாம். நாலைந்து இருந்தால் சுரண்டி அடைத்துவிடலாம். அடிப்பகுதி முழுக்க அம்மை போட்டதுபோல் இருந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். நான் பார்த்தவரை, கொப்புளத்தால் மூழ்கிய படகு கிடையாது.

மூழ்கடிப்பது சின்னச் சின்ன வால்வுகள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே படகின் உடம்பில் பத்துக்கும் மேல் துளைகள் இருக்கும்: இன்ஜினுக்கு, கழிவறைக்கு, ஏர்கானுக்கு, ஜெனரேட்டருக்கு. ஒவ்வொன்றிலும் வால்வு, அதில் மாட்டிய ரப்பர் குழாய். ஒவ்வொரு வால்வையும் உங்கள் கையால் மூடித் திறந்து பாருங்கள். அசையவில்லை என்றால் அது வால்வே இல்லை. கத்தி முனையால் லேசாகச் சுரண்டினால் நல்ல உலோகம் மஞ்சளாக மின்னும். இளஞ்சிவப்பாக, பொடியாக வந்தால் அதிலிருந்த துத்தநாகம் போய் வெறும் செம்புச் சல்லடை மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அதைக் காலால் இடறினாலே முறியும். புரொபெல்லரும் அப்படித்தான், தட்டினால் மணி மாதிரி கணீரென்று ஒலிக்க வேண்டும். புரொபெல்லரைச் சுழற்றும் ஷாஃப்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், சுக்கானையும் பாருங்கள். மற்ற உலோகங்களைக் காக்கத் தாமே அரிபடும்படி மாட்டும் ஜிங்க் கட்டிகள் பாதி கரைந்திருந்தால் அவை தம் வேலையைச் செய்கின்றன. புதிதாக மாட்டி ஒரே மாதத்தில் காணாமல்போனால் கரை மின்சார இணைப்பில் கோளாறு. பக்கத்துப் படகின் உலோகமும் உங்கள் படகின் உலோகமும் மரினாவின் எர்த் வயர் வழியாகச் சேர்ந்து ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்யும். அதைத் தடுக்கும் சிறு கருவி பொருத்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

வயரிங்கில் ஒன்றுதான் பார்ப்பேன். சுவிட்ச் பலகையைத் திறந்தால் ஒழுங்கு தெரிகிறதா, 40 ஆண்டு ஒட்டுப்போட்ட வயர்க் குவியல் தெரிகிறதா? வெள்ளீயம் பூசாத சாதாரணச் செம்பு வயர் கடல் காற்றில் உள்ளேயே பச்சை பூத்துச் சூடாகும். சமையல் காஸ் இருந்தால் சிலிண்டர் வெளியே, கசிந்தால் காஸ் கடலுக்கு வழிந்துபோகும் பெட்டிக்குள் இருக்க வேண்டும். காஸ் காற்றைவிடக் கனமானது, படகின் அடிக்குழியில் இறங்கித் தங்கிவிடும். இதில் சமரசமே கூடாது. ஏர்கான், ஜெனரேட்டர், நங்கூர மோட்டார் எல்லாவற்றையும் போட்டு ஓட்டிப் பாருங்கள், அவ்வளவுதான்.

பழைய சர்வே அறிக்கை பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாங்கிப் படியுங்கள், ஆனால் அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அது வேறொருவருக்காக எழுதியது. அதில் ஒன்று தவறிப்போயிருந்தால் அந்தச் சர்வேயர் உங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. அதற்குப் பின் இரண்டு மழைக்காலம் போயிருக்கிறது. ஆனால் அதில் “சரிசெய்ய வேண்டும்” என்று எழுதிய பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றும் சரிசெய்யப்பட்டதா என்று படகில் ஒத்துப்பாருங்கள். உரிமையாளரைப் பற்றி அது நிறையச் சொல்லும். உங்கள் சர்வேயரை நீங்களே தேர்ந்தெடுங்கள். தரகர் கைகாட்டும் ஆள் வேண்டாம்.

தாள் விஷயத்தில் வழக்கறிஞர் உதவி எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் யார் பெயரில் இருக்கிறது, படகின் மீது அடமானம் உண்டா, மரினாவுக்கும் பட்டறைக்கும் பாக்கி உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். கடல் சட்டத்தில் சில வகைக் கடன்கள் உரிமையாளரோடு போகாது, படகோடு ஒட்டிக்கொண்டு உங்களிடம் வந்துவிடும். அப்புறம், விசைப்படகு ஓட்டும் உரிமம் உங்களிடம் இல்லையென்றால் படிப்பை இப்போதே தொடங்குங்கள்.

விலை பேசும்போது முன்பணத்தை “சர்வேயும் கடல் ஓட்டமும் எனக்குத் திருப்தி தந்தால் மட்டும்” என்ற நிபந்தனையோடு கொடுங்கள், ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கட்டும். வாங்கிய முதல் ஆண்டில் வெளியே வரும் வேலைகளுக்காக விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வையுங்கள். அதற்கு மேல் மரினா வாடகை, காப்புறுதி. இதெல்லாம் ஓய்வுக்காலப் பணத்தில் தாங்காது என்றால் 42 அடி வேண்டாம். 32 அடியில் ஒற்றை இன்ஜினோடு அதே கிராண்ட் பேங்க்ஸ் உண்டு. அதிலும் நீங்களும் உங்கள் மனைவியும் தாராளமாகத் தங்கலாம்.

என் முடிவைக் கேட்டால்: தளம் உண்மையிலேயே கழற்றிப் போடப்பட்டது என்பதற்கு ஆதாரம் இருந்து, டாங்கித் தலையும் காய்ந்திருந்தால் நான் அந்தப் படகை வாங்குவேன். தளம் ஊறி, டாங்கி மட்டும் நன்றாக இருந்தால் விலையைப் பெரிதாகக் குறைத்துக் கேட்பேன். இரண்டும் போயிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். கூலரோ வால்வோ போயிருப்பதற்காக நல்ல படகைக் கைவிட வேண்டாம், அவை கடையில் கிடைக்கும்.

மழை பெய்த மறுநாள் உங்கள் மனைவியையும் கூட்டிப்போங்கள். உள்ளே இறங்கியதும் முதலில் மூக்குக்குத்தான் தெரியும். டீசல் வாடையா, பூஞ்சை வாடையா என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். டாங்கியின் மேற்பக்கப் படம் கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.